சிவப்பைத் தாண்டிய ரயில்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் முறை

நிறுத்தச் சிக்னல் சிவப்பாக இருக்கும்போது அனுமதியின்றி ஒரு ரயில் அதைத் தாண்டினால், இந்திய ரயில்வேயின் விபத்து வகைப்பாட்டில் அது ‘எச்’ வகையில் சேரும். ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூம்களில் அதற்கு, ஆங்கிலச் சுருக்கமாக, ‘ஸ்பேட்’ என்று பெயர். லோகோ இன்ஸ்பெக்டராகப் பணியாற்றிய ஆண்டுகளில், சிக்னல் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு இன்ஸ்பெக்டர்களுடன் சேர்ந்து இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பல கூட்டுக் குறிப்புகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றில் பல, ‘லோகோ பைலட்டின் கவனக்குறைவு’ என்ற ஒரே வரியுடன் முடிந்தன. சில இடங்களில் சில மாதங்களுக்குள் வேறொரு லோகோ பைலட் அதே சிக்னலில் அதே தவறைச் செய்தார். ஆளை மாற்றிய பின்னும் பழுது அங்கேயே இருந்தது என்பதுதான் அதற்குப் பொருள். அதனால், முதலில் தென்படும் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு, செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவும் அதிகாரமும் தேவைப்படும் சோதனை வரை படிப்படியாகச் செல்லும் முறையை இங்கே எழுதுகிறேன். பல வண்ண ஒளிச் சிக்னல்கள் உள்ள பாதைகளுக்கு இது பொருந்தும்.

ரயில் சிவப்பைத் தாண்டி நிற்கிறது, மோதல் நேரவில்லை

காரணம் தேடுவதற்கு முன் ரயில் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். தவறு தெரிந்தவுடன் ரயிலைப் பின்னுக்குத் தள்ளிச் சிக்னலுக்கு வெளியே கொண்டுபோய்விடத் தோன்றுவது இயல்பு. மோதலில் முடியாத ஒரு நிகழ்ச்சியைத் தடம்புரள்வாக மாற்றுவதும் அந்த அவசரம்தான். பக்கத்துத் தடத்துக்கு இடையூறாக ரயில் நின்றால், ஃபிளாஷர் விளக்கைப் போட்டுவிட்டு, அந்தத் தடத்தைக் காக்க உதவி லோகோ பைலட்டை அனுப்ப வேண்டும். அதே வேளையில் வாக்கி டாக்கியில் ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தகவல் செல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பகுதியை நோக்கி வரும் ரயில்களுக்கான சிக்னல்களைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். தடங்கள் பிரியும் இடமான பாயின்ட் எதையும் மாற்றக் கூடாது.

அடுத்ததாக, எவ்வளவு தூரம் தாண்டியது என்று அளக்க வேண்டும். நிறுத்தச் சிக்னலுக்கு அப்பால் 120 மீட்டர் ‘ஓவர்லாப்’ என்ற பாதுகாப்பு இடைவெளியாகக் காலியாக வைக்கப்படுகிறது. ரயிலை அனுப்பலாம் என்ற ஒப்புதலான லைன் கிளியரை முந்தைய நிலையத்துக்குக் கொடுக்கும்போது முதல் நிறுத்தச் சிக்னலுக்கு அப்பால் 180 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். இந்தத் தூரத்துக்குள் எஞ்சின் நின்றிருந்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. லூப் லைன் (நிலையத்தின் பக்கத் தடம்) ஸ்டார்ட்டரை, அதாவது அங்கிருந்து புறப்படுவதற்கான சிக்னலைத் தாண்டியிருந்தால் நிலைமை வேறு, ஏனெனில் அங்கே பாயின்ட் மிக அருகில் இருக்கும்.

*பாயின்ட்டின் மீது ஏறியிருந்தால்:* பேனலில் அந்தப் பாயின்ட்டின் அறிகுறி விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா, அணைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமாக அமைக்கப்பட்டிருந்த பாயின்ட்டைச் சக்கரங்கள் பிளந்துகொண்டு சென்றிருந்தால், மோட்டாரின் பூட்டும் கம்பிகளும் வளைந்து, நாக்குத் தண்டவாளம் இரண்டு பக்கமும் ஒட்டாமல் நிற்கும். அந்த நிலையில் ரயிலைப் பின்னால் எடுத்தால் முன் சக்கரம் ஒரு தடத்திலும் பின் சக்கரம் மற்றொரு தடத்திலும் செல்லும். சிக்னல் பிரிவு முதுநிலைப் பொறியாளரும் நிரந்தரப் பாதைப் பொறியாளரும் நேரில் பார்த்து எழுத்தில் கொடுக்கும் வரை ரயில் அசையக் கூடாது. நிபுணருக்காகக் கட்டாயம் காத்திருக்க வேண்டிய முதல் இடம் இது.

சிக்னல் லென்ஸை யாரும் துடைக்கவும் கூடாது. நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்தச் சிறு வேலை, தூசி படிந்திருந்ததா என்ற கேள்விக்கான ஒரே சான்றை அழித்துவிடுகிறது. சிக்னல் கருவிகளின் செயல்களை நேரத்தோடு பதியும் டேட்டா லாகரின் பதிவும் எஞ்சினின் வேகப் பதிவும் அதே நாளில் முத்திரையிடப்பட வேண்டும்.

‘மஞ்சள்தான் இருந்தது, அருகில் வந்தபோது சிவப்பாகிவிட்டது’

லோகோ பைலட் இப்படிச் சொல்லும்போது பொய் சொல்கிறார் என்ற எண்ணத்தோடு தொடங்கினால் உண்மையான சிக்னல் பழுதுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். நிலையத்து டேட்டா லாகரில் அந்தச் சிக்னலின் கட்டுப்பாட்டு ரிலே (மின்சுவிட்ச்) எப்போது எழுந்தது (இயங்கியது), எப்போது விழுந்தது (துண்டித்தது) என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

அதற்கு முன் கடிகாரங்களைச் சரிபார்க்க வேண்டும். டேட்டா லாகருக்கு ஒரு கடிகாரம், எஞ்சினின் வேகப் பதிவுக்கு ஒரு கடிகாரம், கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டுக்கு ஒரு கடிகாரம் என்று மூன்று நேரங்கள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றாக இருந்து நான் பார்த்தது அரிது. ஒரு நிகழ்ச்சியில் லாகருக்கும் வேகப் பதிவுக்கும் இடையே 47 வினாடி வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாட்டைக் கழிக்காமல் படித்தபோது, சிக்னல் சிவப்பாகி முக்கால் நிமிடத்துக்கும் மேல் கழித்து எஞ்சின் அதைத் தாண்டியதாகத் தெரிந்தது; கழித்துப் படித்தபோது, எஞ்சின் சிக்னலுக்கு 200 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கையில்தான் சிக்னல் சிவப்பாகியிருந்தது. ஒருவருடைய வேலையே அந்த 47 வினாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பதிவுகளிலும் பொதுவாக உள்ள ஒரு நிகழ்வைக் கொண்டு நேரத்தைப் பொருத்த வேண்டும். முந்தைய நிலையத்தில் ரயில் புறப்பட்டு, வேகம் பூஜ்ஜியத்திலிருந்து உயர்ந்து, அங்குள்ள ஒரு டிராக் சர்க்யூட்டை, அதாவது தடத்தில் ரயில் இருப்பதை உணரும் மின்சுற்றை, எஞ்சின் ஆக்கிரமித்த தருணம் இதற்கு நன்றாகப் பயன்படும்.

*பதிவில் சிக்னல் திடீரெனச் சிவப்புக்குத் திரும்பியிருந்தால்:* எளிய காரணம், யாரோ அதைத் திருப்பியிருப்பது. ஸ்டேஷன் மாஸ்டரின் பொத்தான் அழுத்தமும் அதே லாகரில் இருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால், சிக்னலுக்கு அப்பாலுள்ள டிராக் சர்க்யூட் ஒரு வினாடி விழுந்து எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிகழ்ச்சிக்கு முந்தைய ஒரு மாதப் பதிவிலும் அதே சர்க்யூட் இப்படித் துடித்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம். தண்டவாளங்களை மின்னிணைப்பு செய்யும் பாண்டு கம்பி தளர்வது, தண்டவாளங்களை மின்சாரத்தில் பிரிக்கும் காப்பிணைப்பில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் ஆகியவற்றை ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம். மழைக்காலத்தில் மட்டும் துடிக்கிறதென்றால் சேறு கலந்த ஜல்லியைச் சந்தேகிக்க வேண்டும். ஜல்லியைச் சலித்து வடிகால் அமைப்பது பாதைப் பிரிவின் வேலை, அதற்குச் சில நாள் பிடிக்கும். கேபிள் காப்பு பழுதென்றால் செலவு பெரிது. டிராக் சர்க்யூட்டை எடுத்துவிட்டு, சக்கர அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுண்டர் வைப்பது அதைவிடப் பெரிது. ரிலே அறை இரட்டைப் பூட்டு கொண்டது. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடமும் மற்றொன்று சிக்னல் ஊழியரிடமும் இருக்கும். அந்தக் கதவுக்கு அப்பால் நடக்க வேண்டிய எந்தச் சோதனையையும் சிக்னல் பிரிவைத் தவிர வேறு எவரும் செய்யக் கூடாது.

*விளக்கே எரியவில்லையென்றால்:* ஒளியில்லாத சிக்னலை அது காட்டக்கூடிய மிகக் கடுமையான நிலையாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் இரவில், வளைவில், எரியாத சிக்னல் ஒன்று அங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகலாம். விளக்கைக் கண்காணிக்கும் ரிலே விழுந்த நேரத்தை லாகரில் பார்த்து, அதற்கு முந்தைய சிக்னல் கடுமையான நிறத்துக்கு மாறியதா என்பதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

*பதிவில் சிக்னல் தொடர்ந்து சிவப்பாகவே இருந்திருந்தால்:* அவர் கண்ட மஞ்சள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுகிறது. பக்கத்துத் தடத்தின் சிக்னலாக இருக்கலாம், வெயில் உருவாக்கிய பொய் ஒளியாக இருக்கலாம். அடுத்த பகுதிக்குச் செல்லவும்.

*சிக்னல் பச்சை காட்டியதும் உண்மை, பாயின்ட் வேறு தடத்துக்கு இருந்ததும் உண்மை என்றால்:* இங்கேயே நிறுத்திவிட வேண்டும். இது ஸ்பேட் அன்று, இதைவிட அபாயமானது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹனகா பஜார் நிலையத்தில், பிரதான தடத்துக்குப் பச்சை பெற்று வந்த சென்னை நோக்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலின் மீது மோதியது. சிக்னல் சுற்றில் செய்யப்பட்ட மாற்றங்களில் இருந்த பிழையே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணையில் கண்டார். இந்த அறிகுறியின் சாயல் தெரிந்தாலும், அந்த நிலையத்துச் சிக்னல்களை நம்பி ரயில் விடுவதை நிறுத்தி, ஒரு கம்பியைக்கூடத் தொடாமல், மேலதிகாரிகளை அழைக்க வேண்டும். சிக்னல் கருவியைக் கழற்றவும் மீண்டும் இணைக்கவும் டி 351 படிவம் இருப்பது இதற்காகத்தான். அந்தப் படிவம் இல்லாமல் நடந்த எந்த வேலையும் விசாரணையில் முதலில் கேட்கப்பட வேண்டியது.

ஒரே சிக்னலை வெவ்வேறு லோகோ பைலட்கள் தாண்டுகிறார்கள்

இதுதான் மிகத் தெளிவான அறிகுறி. ஆனாலும் மிகவும் தாமதமாகக் கவனிக்கப்படுவதும் இதுவே, ஏனெனில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனிக் கோப்பு திறக்கப்பட்டுத் தனித்தனியாக மூடப்படுகிறது. லண்டன் பாடிங்டன் நிலையத்துக்கு வெளியே எஸ்என் 109 என்ற சிக்னல் 1993-லிருந்து 8 முறை சிவப்பில் தாண்டப்பட்டிருந்தது. 1999 அக்டோபர் 5 காலையில் அது மீண்டும் தாண்டப்பட்டபோது, லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 31 பேர் இறந்தார்கள். அந்தச் சிக்னலின் பார்வையை மின்பாதைக் கட்டமைப்பு மறைத்தது. காலை வெயில் அதன் கண்ணாடியில் நேராக விழுந்தது. விளக்குகளின் அமைப்பும் வழக்கத்துக்கு மாறானது. முதல் எட்டு முறைகளில் ஏதாவது ஒன்றை ‘சிக்னலின் பழுது’ என்று படித்திருந்தால் போதுமாயிருந்தது.

ஆகவே, ஒரு சிக்னல் இரண்டாம் முறை தாண்டப்பட்டவுடன் அதன் பழைய கோப்புகளை எல்லாம் ஒரே மேசையில் வைத்து, நேரம், பருவம், எஞ்சின் வகை, ரயில் வந்த தடம் ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும். தாண்டாமல் கடைசி நொடியில் நிறுத்திய நிகழ்ச்சிகளையும் ஓட்டுநர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்டனைக்கு அஞ்சி அவர்கள் எழுத்தில் தர மாட்டார்கள். நேரில் கேட்டால் சொல்வார்கள். எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவல்கள் அப்படி வாய்மொழியாகக் கிடைத்தவையே.

*நேரம் ஒத்துப்போனால்:* வெயிலைப் பார்க்க வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தீர்வு தவறிவிடும். சூரியன் ஓட்டுநரின் முதுகுப்பக்கம் தாழ்வாக இருந்தால் வெயில் லென்ஸுக்குள் புகுந்து, எரியாத நிறம் எரிவது போன்ற பொய் ஒளியைத் தரலாம், அல்லது எரியும் சிவப்பை வெளிறச் செய்யலாம். சூரியன் ஓட்டுநரின் முகத்துக்கு எதிரே, சிக்னலுக்குப் பின்னால் இருந்தால் கண் கூசிச் சிக்னலே தெரியாமல் போகும். முதல் வகைக்கு நீண்ட மறைப்புக் கவசமும் எல்இடி விளக்கும் உதவும். இரண்டாம் வகைக்குப் பின்தட்டு பெரிதாக வேண்டும். மேற்கு நோக்கிச் செல்லும் ஒரு தடத்தில், நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னல் ஒன்று எட்டு மாத இடைவெளியில் இரண்டு முறை, இரண்டும் மாலையில், தாண்டப்பட்டது. முதல் நிகழ்ச்சிக்குப் பின் கூட்டு ஆய்வு காலை 11 மணிக்கு நடந்து, ‘பார்வை நன்று’ என்று எழுதப்பட்டது. இரண்டாம் நிகழ்ச்சிக்குப் பின் அதே மாலை நேரத்தில் எஞ்சினில் ஏறி வந்தோம். சிக்னல் கம்பத்தின் உச்சியில் சூரியன் உட்கார்ந்திருந்தது; மூவரில் ஒருவருக்கும் சிக்னல் தெரியவில்லை. பின்தட்டைப் பெரிதாக்கி, கவசத்தை நீட்டி, முன்னால் உள்ள மின்கம்பங்களில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டியதில் ஒரு நாள் வேலையோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. முதல் ஆய்வை மாலையில் வைத்திருந்தால் இரண்டாம் லோகோ பைலட்டின் பணிப்பதிவேட்டில் அந்தக் கறை படிந்திருக்காது.

*நேரம் ஒத்துப்போகாமல் எஞ்சின் வகை ஒத்துப்போனால்:* நீண்ட முகப்பு முன்னால் வரும்படி ஓடும் டீசல் எஞ்சின்களில் ஒரு பக்கப் பார்வை வெகுவாகக் குறையும். ஆய்வுக் குழு அதே வகை எஞ்சினில், அதே முகப்புத் திசையில், ஓட்டுநரின் இருக்கையில் அமர்ந்து பார்க்க வேண்டும்.

*எதுவும் ஒத்துப்போகவில்லையென்றால்:* தூரத்தை அளக்க வேண்டும். முன்னெச்சரிக்கை தரும் டிஸ்டன்ட் சிக்னல் குறைந்தது 400 மீட்டரிலிருந்தும், நிறுத்தச் சிக்னல் 200 மீட்டரிலிருந்தும் இடைவிடாமல் தெரிய வேண்டும். ‘இடைவிடாமல்’ என்ற சொல்தான் இதில் முக்கியமானது. 300 மீட்டரில் தெரிந்து, ஒரு மின்கம்பத்துக்குப் பின் மறைந்து, மீண்டும் 120 மீட்டரில் தெரியும் சிக்னல் அளவுகோலில் தேறாது. வேப்பங்கிளை, புதிதாக வந்த மேம்பாலம், சாலை விளக்கு, ஒளிரும் விளம்பரப் பலகை ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். கிளையை வெட்டுவதும் லென்ஸின் குவியத்தைத் திருப்புவதும் அன்றே முடியும். சிக்னலை வேறிடத்துக்கு மாற்றுவதோ முன்னால் துணைச் சிக்னல் வைப்பதோ தேவையென்றால், சிக்னல் பார்வைக் குழுவின் எழுத்துப் பரிந்துரையுடன் கோட்ட அதிகாரிக்குச் செல்ல வேண்டும். அந்தப் பரிந்துரை நிறைவேறும் வரை அந்த இடத்துக்கு வேகக் கட்டுப்பாடு கேட்டு வாங்குவது இன்ஸ்பெக்டரின் கடமை.

பிரேக் போட்டார், ரயில் நிற்கவில்லை

வேகப் பதிவை எடுத்து, பிரேக் எந்த இடத்தில் தொடங்கியது என்று முதலில் குறிக்க வேண்டும்.

*உரிய இடத்தில் தொடங்கியும் வேகம் மெதுவாகவே குறைந்திருந்தால்:* பிரேக் பழுது. எஞ்சினில் பிரேக் பைப் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காட்டுவதால் மட்டும் கடைசி வண்டி வரை காற்று செல்கிறது என்று பொருளாகாது. நடுவில் ஓர் ஆங்கிள் காக் (காற்றுக்குழாய் அடைப்பான்) மூடியிருந்தால் அதற்குப் பின்னுள்ள வண்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது, எஞ்சினின் மானியிலோ எந்தக் குறையும் தெரியாது. கடைசி வண்டியில் கார்டு (இப்போது டிரெயின் மேனேஜர்) காற்றை வெளியேற்றும்போது எஞ்சினின் மானி விழுகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. விழவில்லையென்றால் ஒவ்வொரு இணைப்பாக நடந்து பார்க்க வேண்டும். அடுத்ததாக, சரக்கு வேகன்களில் காலி–பாரம் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாரம் ஏற்றிய வேகனில் அது ‘காலி’ பக்கம் இருந்தால் பிரேக் பலம் குறைந்துவிடும். புறப்பட்டவுடன் லோகோ பைலட் பிரேக் உணர்வுச் சோதனை செய்தாரா என்பதும் வேகப் பதிவில் ஒரு சிறு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளம் இல்லையென்றால், பழுதைக் கண்டுபிடிக்க அவருக்கு இருந்த வாய்ப்பு தவறிவிட்டது என்று கொள்ளலாம். இவை அனைத்தும் சரியாக இருந்தால் ரேக்கை (இணைந்த வண்டித்தொடரை) அசைக்காமல் வேகன் பிரிவு நிபுணரை அழைக்க வேண்டும்.

*பிரேக் தாமதமாகத் தொடங்கியிருந்தால்:* வண்டியில் பழுது இல்லை. ஆனால் ‘தூக்கம்’ என்று உடனே எழுதிவிடவும் கூடாது. இரட்டை டிஸ்டன்ட் உள்ள இடங்களில் ஹோம் சிக்னலுக்கு 2 கிலோமீட்டர் முன்பே முதல் எச்சரிக்கையும் 1 கிலோமீட்டர் முன்பு இரண்டாவதும் கிடைக்கின்றன. விழித்திருக்கும் ஒருவர் மஞ்சளைக் கண்டும் வேகத்தைக் குறைக்காமல் வருவது எதனால் என்று கேட்க வேண்டும். நான் கண்டவரை பெரும்பாலும் பழக்கத்தால். அந்த நிலையத்தில் அந்த ரயிலுக்குத் தினமும் டிஸ்டன்ட் மஞ்சள் காட்டி, எஞ்சின் நெருங்கும்போது ஹோம் சிக்னல் இறங்கும், அதாவது சிவப்பிலிருந்து செல்ல அனுமதிக்கும் நிறத்துக்கு மாறும்; நூறு நாள் அப்படி நடந்தால், மஞ்சள் என்பதற்கு ‘இதோ பச்சையாகப் போகிறது’ என்ற பொருள் அவருடைய கைக்கு ஏறிவிடும். நூற்றோராம் நாள் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: டேட்டா லாகரில் அந்த ரயில் எண்ணுக்குக் கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் மஞ்சள் கிடைத்தது, எத்தனை நாள் உண்மையில் சிவப்பில் நின்றது என்று எண்ணிப் பார்ப்பது. மஞ்சள் 28, சிவப்பு 0 என்பது போன்ற விடை கிடைத்தால், திருத்த வேண்டியவை அந்த ரயிலின் நேர அட்டவணையும், லைன் கிளியர் எடுக்கும் வேளையும், சிக்னல் இறக்கும் பழக்கமும் ஆகும்.

நின்ற ரயில் சிவப்பை எதிர்கொண்டு புறப்பட்டது

பிளாட்பாரத்தில் நின்று புறப்படும் ரயில்களில் இது நேரும். ரயில் நின்ற இடத்தை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட்டருக்கு மிக அருகில் நின்றிருந்தால் ஓட்டுநரின் கண்ணுக்குச் சிக்னல் முகம் தெரியாது. அவர் கார்டின் பச்சைக் கொடியை நம்பிப் புறப்பட்டிருப்பார். கார்டும் ஸ்டார்ட்டரைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்துக் கொடி காட்டியிருந்தால் இருவருடைய தவறும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நிறுத்தப் பலகையைச் சில மீட்டர் பின்னுக்கு நகர்த்துவது போதுமான தீர்வாக இருக்கக்கூடும்.

ஸ்டார்ட்டர்கள் அருகருகே நிற்கும் நிலையங்களில் பிரதான தடத்துக்கு இறங்கிய சிக்னலைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது இரண்டாவது காரணம். இதற்கு, லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் கையை நீட்டிச் சிக்னலைக் காட்டி, எந்தத் தடத்தின் சிக்னல், என்ன நிறம் என்று உரக்கச் சொல்லும் முறை உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் பாராமலே திருப்பிச் சொல்லும் சடங்காக அது மாறியிருக்கிறதா என்று எஞ்சினில் உடன் சென்றுதான் அறிய முடியும்.

நின்றார், காத்திருந்தார், பிறகு தாண்டினார்

இவ்வகையில் லோகோ பைலட் தனக்கு அனுமதி இருந்ததாக நம்பியிருப்பார். அது எந்தச் சிக்னல் என்பதே முதல் கேள்வி. கம்பத்தில் உள்ள எழுத்துப் பலகையைப் பார்க்க வேண்டும்.

‘ஜி’ பலகை உள்ள கேட் சிக்னலில் பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் நின்ற பிறகு, கேட் வரை எச்சரிக்கையாகச் சென்று, கேட்மேன் கைச்சைகை காட்டினால் கடக்கலாம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள இடைநிலை பிளாக் சிக்னலில் கம்பத்துத் தொலைபேசியில் பின்னுள்ள நிலையத்தைக் கேட்க வேண்டும். தொலைபேசியும் பழுதென்றால் 5 நிமிடம் நின்று, பார்வை தெளிவாக இருந்தால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேற்படாமலும், இல்லையென்றால் 8 கிலோமீட்டருக்கு மேற்படாமலும் செல்லலாம். எந்த எழுத்தும் இல்லாத ஹோம், ஸ்டார்ட்டர் போன்றவற்றை எழுத்து அனுமதியோ அழைப்புச் சிக்னலோ விதியில் சொன்ன பிற அனுமதியோ இல்லாமல் எவ்வளவு நேரம் நின்றாலும் தாண்டக் கூடாது. வாக்கி டாக்கியில் ‘வாங்க, வாங்க’ என்று யாரோ சொன்ன குரல் அனுமதி ஆகாது. ஒரு வகைச் சிக்னலின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்திவிடுவது புதிதாக அந்தப் பகுதிக்கு வந்தவர்களிடம் அதிகம். அவர் அந்தப் பகுதியைக் கற்றுக்கொள்ள எத்தனை பயணம் சென்றார், அதில் இரவுப் பயணம் எத்தனை என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

*‘ஏ’ பலகை உள்ள தானியங்கிச் சிக்னல்கள் வரிசையாகப் பழுதாகியிருந்தால்:* மிகுந்த கவனம் வேண்டிய கிளை இது. தானியங்கிச் சிக்னல் சிவப்பில் 1 அல்லது 2 நிமிடம் நின்று, தடையைக் கண்டால் உடனே நிறுத்தக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில், ஒவ்வொரு சிக்னலிலும் இப்படியே செல்ல வேண்டும். சிவப்புக்குப் பின்னால் ஒரு ரயில் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே ஓட்ட வேண்டிய பகுதி அது. 2023 அக்டோபர் 29 அன்று ஆந்திராவின் கண்டகபள்ளி அருகே, பழுதான தானியங்கிச் சிக்னல்களைத் தாண்டி வந்த ராயகடா பயணி ரயில், முன்னால் சென்ற பலாசா ரயிலின் பின்புறம் மோதியது. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தின் ரங்கபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் ஒரு சரக்கு ரயில் மோதியது. அங்கே விடியற்காலையிலிருந்து சிக்னல்கள் பழுதாகியிருந்தன. ரயில்களுக்கு டி/ஏ 912 என்ற அனுமதித் தாள் கொடுக்கப்பட்டிருந்தது. எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்பது லோகோ பைலட்டுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரே ரயிலை அனுமதிக்கும் டி/டி 912 கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது.

ஆகவே இந்த அறிகுறியில் எஞ்சினுக்குப் போவதற்கு முன் நிலையத்துக்குப் போக வேண்டும். பழுது எப்போது தொடங்கியது, அது நீடித்த பழுது என்று யார் எப்போது முடிவு செய்தார், எந்தப் படிவம் கொடுக்கப்பட்டது, அதில் வேகம் எழுதப்பட்டிருந்ததா, அன்று அதே பகுதியில் சென்ற மற்ற ரயில்கள் என்ன வேகத்தில் சென்றன என்று பார்க்க வேண்டும். மற்ற ரயில்களும் வெவ்வேறு வேகத்தில் சென்றிருந்தால், விதி ஒருவருக்கு மட்டும் புரியாமல் போகவில்லை என்பது தெளிவாகும். கோட்ட அளவில் பயிற்சியைத் திருத்தாமல் ஒருவரை மட்டும் தண்டித்துக் கோப்பை மூடக் கூடாது.

ஒரே லோகோ பைலட், வெவ்வேறு சிக்னல்கள்

இப்போதுதான் ஆளைப் பார்க்கும் நேரம். பணி அட்டவணையில் தொடங்க வேண்டும்: எத்தனை மணிக்குப் பணியேற்றார், 9 மணி நேரத்தைக் கடந்தாரா, தொடர்ந்து எத்தனை இரவுகள் ஓட்டினார், இடையில் கிடைத்த ஓய்வு பகலிலா இரவிலா. எஞ்சினில் உள்ள விழிப்புக் கருவி 60 வினாடி எந்தச் செயலும் இல்லையென்றால் எச்சரித்துப் பிறகு பிரேக் போடும். ஆனால் அரைத் தூக்கத்தில் இருப்பவரின் கை அந்தப் பொத்தானைப் பழக்கத்தால் அழுத்திவிடும் என்பதை மறக்கக் கூடாது. சீரான இடைவெளியில், வேறு எந்தச் செயலும் இல்லாமல் அந்த அழுத்தம் மட்டும் பதிவாகியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது கண். 45 வயது வரை 4 ஆண்டுக்கு ஒருமுறையும், 55 வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை உண்டு. அடுத்த தவணைக்குக் காத்திராமல் சிறப்புச் சோதனைக்கு அனுப்ப இன்ஸ்பெக்டர் எழுதலாம். வீட்டில் நோயோ கடனோ மரணமோ இருந்ததா என்பதை விசாரணை மேசையில் கேட்டால் பதில் வராது. தனியாக, அதிகாரத் தோரணை இல்லாமல், அவரை நன்கு அறிந்த இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டும். அதற்கு மேல் ரயில்வே மருத்துவரும் உளவியல் தேர்வுக் குழுவும் பார்க்க வேண்டியது. இன்ஸ்பெக்டரின் ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

காப்புக் கருவி இருந்தும் தாண்டியது

சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர்ப் பாதையில் 2008-லேயே ரயில் காப்பு எச்சரிக்கை அமைப்பு ஒன்று வந்துவிட்டது. இப்போது நாடு முழுவதற்கும் தேசிய அமைப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது கவச். தண்டவாளக் கட்டைகளில் பதித்த குறியட்டைகளை எஞ்சின் படித்து, நிலையத்துடன் வானொலியில் பேசி, எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைக் கணக்கிட்டு, லோகோ பைலட் நிறுத்தாவிட்டால் தானே பிரேக் போடும் கருவி அது.

இத்தகைய பாதையில் சிவப்பு தாண்டப்பட்டால் முதல் சோதனை மிக எளியது: கருவி இயங்கிக்கொண்டிருந்ததா? அந்த எஞ்சினில் அது பொருத்தப்படவே இல்லாமல் இருக்கலாம், பொருத்தப்பட்டும் துண்டிக்கப்பட்டிருக்கலாம். இங்கிலாந்தின் சவுத்தாலில் 1997 செப்டம்பர் 19 அன்று சிவப்பைத் தாண்டிச் சரக்கு ரயிலில் மோதிய விரைவு ரயிலில் எச்சரிக்கைக் கருவி துண்டிக்கப்பட்டிருந்தது. 7 பேர் இறந்தார்கள். துண்டிப்புச் சாவியின் முத்திரை உடைந்திருக்கிறதா, எப்போது, யார் எழுதி வைத்தார்கள், பழுது என்று எழுதப்பட்ட பிறகு அந்த எஞ்சின் எத்தனை பயணம் ஓடியது என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். அடுத்ததாக, தாண்டிய வேளையில் கருவி எந்த முறையில் இருந்தது என்பதைப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். முழுக் கண்காணிப்பில் இல்லாமல் ஊழியர் பொறுப்பு முறையில் இருந்திருந்தால், குறியட்டை காணாமற்போனதா, வானொலித் தொடர்பு அறுந்ததா என்று தேட வேண்டும்; மீறல் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் அதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் என்ன சொன்னார் என்பதைக் குரல் பதிவில் கேட்க வேண்டும்.

கருவி முழுக் கண்காணிப்பில் இருந்தும் பிரேக் போடவில்லை அல்லது தாமதமாகப் போட்டது என்றால், எஞ்சினைப் பணியிலிருந்து விலக்கி, மின்சாரத்தை நிறுத்தாமல், பதிவை எடுக்கும் முன் எதையும் மீட்டமைக்காமல், தயாரிப்பாளரின் பொறியாளரையும் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓவின் பிரதிநிதியையும் ஒன்றாக அழைக்க வேண்டும். சக்கர விட்டம் கருவியில் தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் ஷெட் ஊழியர் முன்னிலையில் அளந்து எழுதி வைக்கலாம். தேய்ந்த சக்கரத்துக்குப் பழைய அளவே பதிவில் இருந்தால் கருவியின் தூரக் கணக்கு பிசகும். பயணி ரயிலில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்திருந்தால், இந்தச் சோதனைகள் எதையும் கோட்ட ஊழியர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குபவர், ரயில்வே நிர்வாகத்துக்குக் கட்டுப்படாதவர். அவர் வரும் வரை எஞ்சினும் சிக்னலும் பாயின்ட்டும் இருந்தபடியே முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும்.